செப்புத் தகட்டில் ஒரு பரம்பரை

டென்மார்க்கின் பிராண்டே என்ற ஊரில், காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில்தான் சிவபாலனின் முதுகு போனது. ஒரே நாளில் போகவில்லை. பிசின் மணக்கும் கொட்டகையில் கண்ணாடி நார்ப் பாய்களைக் குனிந்து விரித்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கடைசியில் ஒரு காலை, காலுறை போடக் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டார். ஊசி போட்டார்கள், பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை. இனி இவரால் என்ன வேலைதான் செய்ய முடியும் என்று சோதித்துப் பார்க்க, கொம்யூன் என்கிற உள்ளூராட்சிக்காரர் அவரை ஒரு பழைய பிரபு மாளிகைக்கு அனுப்பினார்கள்.

மாளிகை இப்போது அருங்காட்சியகம். வருகிறவர்களின் மேலங்கிகளை வாங்கி மாட்டுவதும், திரும்பிப் போகும்போது எடுத்துக் கொடுப்பதும்தான் அவருக்குத் தந்த வேலை. கூட்டம் இல்லாத பொழுதுகளில் அவர் வாசல் மண்டபத்தில் ஒரு நாற்காலியில் இருப்பார். எதிரே அகலமான படிக்கட்டு. அதன் சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள். தோள் வரை சுருண்டு விழும் பொய் முடி, மார்பில் கவசம், ஒரு கையில் கோல், உதட்டில் எவரையும் மதிக்காத ஒரு சுழிப்பு. ஒவ்வொரு முகத்தின் கீழேயும் ஒரு குலச்சின்னம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் பெயர். பெயரைவிடப் பட்டங்கள் நீளமாக இருந்தன.

பார்வையாளருக்கு விளக்கம் சொல்லும் பெண் ஒவ்வொரு குழுவுக்கும் அதே கதையைத்தான் சொல்வாள். அந்தக் காலத்தில் ஒரு பிரபு தன் முகத்தைச் செப்புத் தகட்டில் செதுக்குவித்து, தாளில் பிரதிகள் அச்சடித்து, உறவினருக்கும் பாதிரிமாருக்கும் தன்னை அண்டிப் பிழைத்தவர்களுக்கும் கொடுப்பானாம். வாங்கியவர்கள் வீட்டில் மாட்டியே ஆக வேண்டும். யாருடைய படம் உன் சுவரில் தொங்குகிறது என்பதை வைத்தே நீ யார் என்று ஊர் சொல்லும். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு படத்தைக் காட்டிச் சிரிப்பாள். “இவருடைய தகப்பன் சாதாரண வியாபாரி. மகன் பட்டத்தை வாங்கினார், குலச்சின்னத்தைப் புதிதாக உருவாக்கினார், பழைய பரம்பரை ஒன்றையும் சேர்த்து எழுதுவித்தார். இன்றைக்கு நாங்கள் எல்லாரும் நம்புகிறோம்.”

கூட்டம் சிரிக்கும். சிவபாலன் சிரிப்பதில்லை. அந்த வியாபாரி மகனின் முகத்தை மட்டும் அவர் மற்றவர்கள் போன பிறகும் நின்று பார்ப்பார்.

சிவபாலன் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேல். தொழிற்சாலையில் அவருக்கு ஒரு மதிப்பு இருந்தது; புதிதாக வரும் தமிழ்ப் பொடியள் அவரிடம்தான் வேலை பழகுவார்கள். ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் இரண்டு தடவை தலைவர். விழா மேடையில் முதல் வரிசையில் அவருக்கு ஒரு கதிரை இருக்கும். முதுகு போன பிறகு எல்லாம் மெல்ல விலகிப் போயின. சங்கம் வேறு தலைவரைத் தெரிவு செய்தது. கடையில் கண்டவர்கள் “இப்ப என்ன செய்யிறியள் அண்ணை?” என்று கேட்டால், அருங்காட்சியகத்தில் வேலை என்பார். என்ன வேலை என்று கேட்டால் கதையை மாற்றுவார். மனைவி தவமலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். மகன் ஆரணன் ஓர்ஹூஸ் நகரில் பொறியியலாளன்.

மாளிகையில் கோடைகாலத்தில் அச்சடித்துக் காட்டும் நாட்கள் உண்டு. ஸ்ரிபன் என்ற ஓவியர் தன் சின்ன அச்சு இயந்திரத்தோடு வந்து, தகட்டில் மை தடவித் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருட்டி எடுத்துக் காட்டுவார். ஒரு நாள் எல்லாரும் போன பிறகு சிவபாலன் அவரிடம் போனார்.

“இப்பவும் ஆள் பார்த்து இப்படிச் செதுக்கலாமா?” என்று டேனிஷில் கேட்டார்.

“ஏன் செய்ய முடியாது? யாருக்கு?”

“எனக்கு.”

ஸ்ரிபன் அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. “நல்ல முகம்,” என்றார். “வாருங்கள்.”

அந்தச் சொல்லுக்காகவே சிவபாலன் வேலை முடிந்த எத்தனையோ மாலைகளில் ஸ்ரிபனின் வீட்டுக் கொட்டகையில் முதுகு வலிக்க வலிக்க அசையாமல் இருந்தார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு. கையில் பிடிக்க என்ன வேண்டும் என்று ஸ்ரிபன் கேட்டார். கோல் வேண்டும் என்றார் சிவபாலன். கோல் இல்லாததால் ஒரு குடையின் பிடியைப் பிடித்தபடி இருந்தார். செதுக்கும்போது ஸ்ரிபன் அதை வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியாக்கினார்.

படத்தின் கீழே எழுத வேண்டிய வரியைச் சிவபாலன் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். ஸ்ரிபனுக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றி, ஒவ்வொரு சுழியாகத் தகட்டில் வெட்டினார்.

“அழகான எழுத்து. என்ன சொல்கிறது?”

“என் பெயரும் என் தகப்பன் பெயரும்,” என்றார் சிவபாலன்.

முதல் பிரதி வீட்டுக்கு வந்த அன்று தவமலர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தாள். முகம் அச்சொட்டாக அவர்தான். சொல்லப்போனால் அவரைவிட நன்றாக இருந்தது. பிறகு குனிந்து கீழ்வரியைப் படித்தாள். *உடையார் பரம்பரையில் வந்த கந்தையா மகன், சங்கத் தலைவர், சிவபாலன்.* அதற்குப் பக்கத்தில் ஊரின் பெயர்.

“இதென்னப்பா? மாமாவின்ர பேர் கந்தன் எல்லோ?”

“பேச்சில கந்தன். எழுதேக்கை கந்தையா எண்டு எழுதினால் என்ன?”

“உடையார் பரம்பரை?”

“இஞ்சை ஆருக்குத் தெரியப்போகுது, தவம்? அந்தச் சுவரில தொங்கிற கோமான்மாரும் இப்பிடித்தான். காசுக்காரன்ர மகன் பட்டத்தை எழுதினான், இண்டைக்கு அவன் பிரபு. அவன் எழுதலாம், நான் எழுதக்கூடாதோ?”

“செத்த மனிசன்ர பேரில கை வைக்கிறியள்,” என்றாள் தவமலர். மத்தியான வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கந்தன், ஊரின் பெரிய காணிக்காரரான உடையாரின் வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தவர். ஊரில் அவருடைய சாதிச் சனத்தின் பெயருக்குப் பின்னால் ‘ஐயா’ போட்டு எழுத விடமாட்டார்கள். பள்ளிக்கூடப் பதிவிலும் கந்தன்தான், காணி உறுதிப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தபோதும் கந்தன்தான். உடையார் வீட்டில் அவருக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தேநீர். அதை வேலியோரம் குந்தியிருந்து குடித்துவிட்டுச் சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். சிறுவனாக இருந்த சிவபாலன் அதைப் பார்த்திருக்கிறார். தகப்பன் வெட்கப்படவில்லை என்பதுதான் அவருக்கு அந்த வயதிலேயே பொறுக்கவில்லை. இதையெல்லாம் அவர் ஆரணனுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பப்பா விவசாயம் செய்தவர் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அறுபதாவது பிறந்தநாளுக்குப் பிராண்டேயில் மண்டபம் எடுத்தார். வந்த குடும்பம் ஒவ்வொன்றுக்கும் சட்டம் போட்ட படம் ஒன்று கொடுத்தார். சனம் படத்தைக் கையில் வாங்கி முகத்தையும் வரியையும் பார்த்தது. சிவபாலனைப் பார்த்து, “அருமையான வேலை அண்ணை” என்றது. தொழிற்சாலையில் அவரோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்த றொபேர்ட் மட்டும் ஒன்றும் சொல்லாமல் படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சோறு போட்டுச் சாப்பிட்டார். றொபேர்ட்டும் அந்தப் பக்கத்து ஆள்தான், அயலூர். இங்கே வந்த பிறகு கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கியவர்.

அதே வருடம்தான் ஆரணன் சுஜீதாவைப் பற்றிச் சொன்னான். தலைநகருக்குப் பக்கத்தில், அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் தவராஜாவின் மகள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், பல வருடப் பழக்கம். தவராஜா ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். அவர்களுடைய பூர்வீகம் கொக்குவில் என்று கேள்விப்பட்டதும் சிவபாலனுக்கு நிம்மதியாக இருந்தது. வேறு ஊர்.

பெண் வீட்டுக்குப் போகிற நாளில் அவர் படம் ஒன்றுக்குப் பொன் பூச்சுச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்.

“இது வேண்டாமப்பா,” என்றாள் தவமலர். “பழங்களும் இனிப்பும் காணும்.”

“வெறுங்கையோட போறதே?”

கடலுக்கு மேலான நீண்ட பாலத்தைக் கடந்து போகும்போது காற்று காரைத் தள்ளியது. பின்னிருக்கையில் படம் துணியில் சுற்றியபடி தவமலரின் மடியில் இருந்தது. ஆரணன் ஓட்டினான். அவன் முகத்தில் அன்று முழுக்க ஒரு சிரிப்பு இருந்தது.

தவராஜா வீட்டில் வடையும் தேநீரும் ஆயின. கதை நன்றாகத்தான் போனது. கலியாணத்தை டென்மார்க்கில் வைப்பதா, லண்டனில் வைப்பதா என்பது வரைக்கும் வந்துவிட்டது. அப்போது சிவபாலன் எழுந்து படத்தைக் கொடுத்தார்.

தவராஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“அண்ணை இந்த ஊரே?”

“ஓம்.”

“அம்மா அந்த ஊர். நாங்கள் வளந்தது அப்பாவின்ர பக்கம், கொக்குவிலில. ஆனா பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் அங்கைதான் நிப்பம்.” அவர் படத்தை மடியில் வைத்தார். “அந்த ஊரில ஒரு உடையார் வீடுதான் இருந்தது, அண்ணை. அது அம்மாவின்ர வீடு. அம்மப்பாவுக்கு ஆம்பிளைப் பிள்ளையள் இல்லை.”

சிவபாலன் படத்தை நோக்கிக் கையை நீட்டினார். “இது... கொஞ்சம் தூரத்துச் சொந்தம்...”

“கந்தையா எண்டு எங்கட ஆக்களில ஒருத்தரும் இல்லை.” தவராஜாவின் குரல் ஏறவே இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. “கந்தன் எண்டு ஒராள் தோட்டத்தில நிண்டவர். நல்ல மனிசன் எண்டு அம்மா சொல்லுவா. சொன்ன வேலையைச் செய்வாராம், எதிர்த்து ஒரு கதை கதைக்க மாட்டாராம்.”

சுஜீதாவின் தாய் தேநீர்க் கோப்பைகளை எடுக்கத் தொடங்கினாள். இன்னும் குடித்து முடியாத கோப்பையையும் எடுத்தாள்.

“என்ன நடக்குது?” என்று ஆரணன் டேனிஷில் கேட்டான். “உடையார் என்றால் என்ன? யார் இந்தக் கந்தன்?”

கடைசியில் தவமலர்தான் சொன்னாள். “உன்ர அப்பப்பா.”

அடுத்த நாள் தவராஜா தொலைபேசியில் கூப்பிட்டார். மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தார். “நாங்கள் சாதி பாக்கிற ஆக்கள் இல்லை, அண்ணை. இந்த நாட்டில அதையெல்லாம் ஆர் பாக்கினம்? ஆனா பொய் இருக்கிற இடத்தில பிள்ளையை எப்பிடிக் குடுக்கிறது? நீங்களே சொல்லுங்கோ.” அந்த வார இறுதியில் ஆரணன் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே நின்றான். டேனிஷில்தான் தொடங்கினான். பிறகு எதற்காகவோ தமிழுக்கு மாறினான். அவனுடைய தமிழ் தட்டுத் தடுமாறியது.

“அவர் சொல்லுறது பொய். எனக்குத் தெரியும். சாதிதான் காரணம். சுஜீதாவுக்கும் தெரியும், அவள் தாய் தகப்பனோட சண்டை பிடிக்கிறாள்.”

“அப்ப பிறகென்ன, தம்பி? அவங்கள்தான்...”

“ஆனா அப்பிடிச் சொல்ல அவருக்கு ஒரு சாட்டுக் குடுத்தது நீங்கள்.” ஆரணன் சுவரைப் பார்த்தான். அங்கே சிவபாலன் பழைய பொருள் கடைகளில் தேடி வாங்கிய இரண்டு மூன்று கோமான்கள் தொங்கினார்கள், நடுவில் அவர். “அவையின்ர ஆக்கள் அப்பப்பாவுக்குச் சிரட்டையில தேத்தண்ணி குடுத்தவை. அம்மா சொன்னா. சரி, அவை அப்பிடிச் செய்தவை. நீங்கள் என்ன செய்தனீங்கள்? அவரை எடுத்துப்போட்டு அவையின்ர ஆளை வைச்சீங்கள். அவையே அவர்ர பேரை விட்டு வைச்சவை, அப்பா. நீங்கள்தான் அழிச்சனீங்கள்.”

சிவபாலன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதுகு நோவதாகத் தவமலரிடம் சொன்னார்.

மாதங்கள் கழித்து ஆரணன் தாயைக் கூப்பிட்டு, தானும் சுஜீதாவும் நகரசபையில் பதிவு செய்யப் போவதாகச் சொன்னான். சுஜீதாவின் தாய் தகப்பன் வரமாட்டார்கள். “அப்பா வரலாம்,” என்றான். “ஆனால் படம் கொடுத்த ஆக்களுக்கு அப்பப்பா யார் என்று முதலில் சொல்லட்டும்.”

தவமலர் அதை அப்படியே கணவரிடம் சொன்னாள். அவர் கார்ச் சாவியை எடுத்தார்.

பிராண்டேயில், ஹேர்னிங்கில், சுற்றியுள்ள சின்ன ஊர்களில் என்று அவர் வீடு வீடாகப் போனார். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் காரில் உரத்துச் சொல்லிப் பழகினார்: எங்கட அப்பாவின்ர பேர் கந்தன், தோட்ட வேலை செய்தவர். கதவு திறந்ததும் வேறு வாக்கியம்தான் வந்தது. “அந்தப் படத்தில ஒரு எழுத்துப் பிழை விட்டிட்டம்,” என்றார் முதல் வீட்டில். “திருத்தி வேற தாறன், அதைத் தாங்கோ.” ஒருமுறை சொன்ன பிறகு அடுத்த வீடுகளில் அது தானாக வந்தது.

சிலர் சிரித்தபடி எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் சப்பாத்துத் தட்டின் அடியிலிருந்து வந்தது. இன்னொரு வீட்டுக்காரி தேடுவதாகச் சொல்லி உள்ளே போய் வெகுநேரம் வராமல், கடைசியில் “காணேல்லை அண்ணை” என்றாள். அவர் போன எந்த வீட்டுச் சுவரிலும் அது இல்லை.

றொபேர்ட் வீட்டுக்குக் கடைசியில்தான் போனார். எழுத்துப் பிழை என்று தொடங்கியதும் றொபேர்ட் கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்ன பிழை? ஐயா போட்டதோ, உடையார் போட்டதோ?”

சிவபாலன் கதிரையில் இருந்தார்.

“உமக்குத் தெரியுமோ?”

“எனக்கு மட்டுமே? மண்டபத்தில பாதிப் பேருக்குத் தெரியும். மற்றப் பாதிக்கு அண்டைக்கே சொல்லியாச்சு.”

“அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“ஏன் சொல்ல? சனத்துக்கு வீட்டில சிரிக்க ஒரு சாமான் கிடைச்சது. விருந்து வந்தால் எடுத்துக் காட்டுவினம், பிறகு உள்ளை வைப்பினம்.” றொபேர்ட் எழுந்து அலுமாரி மேலிருந்து படத்தை எடுத்து வந்தார். தூசி தட்டவில்லை. “நானும்தான் சிரிச்சனான். ஏன் பொய் சொல்லுவான்? கந்தண்ணையை எனக்குத் தெரியும், சிவபாலன். எங்கட அப்பரோட ஒரே கிணத்தில தண்ணி இறைச்ச மனிசன். எங்கட அப்பரையும் நாளைக்கு ஒரு துரை ஆக்கிப் போடுவீரோ?”

“மகன்ர கலியாணம்,” என்றார் சிவபாலன். “எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிப்போட்டு வரட்டாம்.”

“சொன்னீரே?”

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

“என்னட்டையாவது சொல்லும், பாப்பம்.”

சிவபாலன் வாயைத் திறந்தார். றொபேர்ட்டுக்குத் தெரிந்த விஷயம், கிணறு தெரியும், சிரட்டை தெரியும், ஆளையே தெரியும். ஆனாலும் அந்தப் பெயர் வரவில்லை. படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

கலியாணத்தன்று காலை தவமலர் மாம்பழ நிறச் சேலை உடுத்து, பூ வைத்து, கண்ணாடியின் முன் நின்றாள். “வாங்கோவனப்பா,” என்றாள் ஒரு தடவை. “பிள்ளை வாசலில வைச்சு அடிக்கவே போறான்? பின்னால வந்து நிண்டால் காணும்.”

“அவன் கேட்டதைச் செய்யேல்லை, எப்பிடி வாறது?”

“இப்பவும் செய்யலாம். ரெலிபோன் கிடக்குது.”

அவளை றொபேர்ட்டின் மனைவி காரில் ஏற்றிப் போனாள்.

வீடு அமைதியானதும் சிவபாலன் சேகரித்த படங்களைக் காரின் பின்னால் அடுக்கிக் குப்பை தரம்பிரிக்கும் இடத்துக்குக் கொண்டு போனார். கடதாசிப் பெட்டிக்குள் முதல் படத்தை எறியப் போக, செம்மஞ்சள் அங்கி போட்ட பணியாளர் ஓடிவந்தார்.

“அப்படியே போடக்கூடாது. மரம் வேறு, கண்ணாடி வேறு, தாள் வேறு.”

அவர் காருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஆணியை நெம்பி, கண்ணாடியை உருவி, தாளை எடுத்து. குனிய முடியாததால் கார் மூடியின் மேல் வைத்தே செய்தார். வெள்ளிப் பூண் கைத்தடியோடு அவர் முகமே திரும்பத் திரும்ப வந்தது. பணியாளர் ஒரு தாளை எடுத்துப் பார்த்தார்.

“இது நீங்கள்தானே? நல்லாயிருக்கிறதே. ஏன் எறிகிறீர்கள்?”

“எழுத்துப் பிழை,” என்றார் சிவபாலன்.

தவமலர் பின்னேரம் வந்தாள். பிள்ளைகள் மெழுகுப் பொம்மைகள்போல நின்றார்கள் என்றும், சுஜீதா தாயை நினைத்துக் கழிப்பறையில் அழுததாகவும் சொன்னாள். பதிவின்போது அதிகாரி ஆரணனின் முழுப் பெயரை வாசித்ததாகவும் சொன்னாள். “கந்தன் எண்ட பேரை நடுவில சேர்த்துப் பதிஞ்சு வைச்சிருக்கிறான்,” என்றாள். “சட்டப்படி மாத்தினவனாம். எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்.” சேலையை மடித்து வைக்கப் போனவள் அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள் போல. பிறகு உள்ளே போனாள்.

இப்போது ஆரணனும் சுஜீதாவும் ஓர்ஹூஸில் இருக்கிறார்கள். பெண் குழந்தை ஒன்று. தவராஜா பேத்தி பிறந்ததும் வந்து பார்த்தார். இப்போது மாதமொரு தரம் வருகிறார், அவருக்கு அங்கே ஒரு கதிரை இருக்கிறது. பொய்யைப் பற்றியோ பரம்பரையைப் பற்றியோ அவரிடம் எவரும் கேட்பதில்லை. சிவபாலனும் போகிறார். மருமகள் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள், குழந்தையை மடியில் வைப்பாள். மகன் அவரோடு சண்டை பிடிப்பதில்லை. முதுகு எப்படி என்று கேட்பான், காரின் குளிர்கால ரயரை மாற்றியாயிற்றா என்று கேட்பான். எல்லாம் டேனிஷில்தான். தாயோடு தட்டுத் தடுமாறித் தமிழ் கதைப்பவன், தகப்பன் பக்கம் திரும்பியதும் மொழியை மாற்றிவிடுகிறான். அந்த மொழியில் தகப்பனுக்கும் தெருவில் போகிறவனுக்கும் ‘நீ’ என்ற ஒரே சொல்தான். சிவபாலன் அதே மொழியில், மாற்றியாயிற்று என்று பதில் சொல்கிறார்.